புத்தகத்துக்குள் வந்த ஊர்ப் பேச்சு

தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் இரண்டு தமிழோடு வாழ்கிறார்கள். வீட்டிலும் காட்டிலும் கடைத்தெருவிலும் புழங்குவது ஒன்று. பாடப்புத்தகத்திலும் செய்தித்தாளிலும் அரசாணையிலும் மேடையிலும் இருப்பது மற்றொன்று. மொழியியலார் இதை இரட்டை வழக்கு என்பார்கள். தாய் பேசக் கேட்டுப் பிள்ளை கற்பது முதல் தமிழை. இரண்டாவது தமிழைப் பள்ளிக்கூடம் தருகிறது. முதல் தமிழ் ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் ‘வந்தாங்க’ என்பதை ராமநாதபுரத்தில் ‘வந்தாக’ என்பார்கள், திருநெல்வேலியில் ‘வந்தாவ’ என்பார்கள், யாழ்ப்பாணத்தில் ‘வந்தினம்’ என்பார்கள். இந்த ஊர்த் தமிழில் எழுதப்பட்ட கதைகளுக்கும் நாவல்களுக்கும் வட்டார இலக்கியம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஒரு நிலத்தின் தொழிலும் உறவும் வலியும் எந்தச் சொற்களில் எண்ணப்பட்டனவோ, அதே சொற்களில் அவற்றை அறியும் வாய்ப்பை வாசகருக்குத் தருவது இந்த இலக்கியம்தான். பொதுத்தமிழில் எழுதியதை எவ்வளவு படித்தாலும் அந்த அறிவு கிடைப்பதில்லை.

ஊர்ப் பேச்சுக்கு இலக்கியத்தில் இடம் உண்டு என்பது புதிய கொள்கை அல்ல. செய்யுளுக்குரிய சொற்களை நான்காகப் பிரித்த தொல்காப்பியம், இயற்சொல், திரிசொல், வடசொல் ஆகியவற்றோடு திசைச்சொல்லையும் ஒரு வகையாக வைத்தது. பன்னிரண்டு நிலங்களில் வழங்கும் சொற்கள் அவை. குட்ட நாட்டார் தாயைத் தள்ளை என்பார்கள், அருவா நாட்டார் வயலைச் செறு என்பார்கள் என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுத் தேடித் தந்திருக்கிறார்கள். அவர்கள் காலத்திலேயே தமிழ் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கவில்லை. அதை இலக்கணம் மறைக்கவும் இல்லை. அச்சு வந்த பிறகு, பள்ளிக்கல்வி பரவிய பிறகு, எழுதத் தகுந்த தமிழ் ஒன்றே என்ற எண்ணம் வேரூன்றியது. ஊர்ப் பேச்சுக்குக் கொச்சை என்று பெயர் விழுந்தது. தன் வீட்டுப் பேச்சே பிழை என்று நம்பி வளர்ந்த தலைமுறைகள் தமிழ்நாட்டில் உண்டு.

உரையாடலில் தொடங்கியது

தமிழ் நாவல் பிறந்த காலத்திலேயே பேச்சு உள்ளே நுழைந்துவிட்டது. பி.ஆர். ராஜமய்யர் 1893 முதல் விவேக சிந்தாமணியில் தொடராக எழுதிய கமலாம்பாள் சரித்திரத்தில் பாத்திரங்கள் தங்கள் வீட்டுப் பேச்சில்தான் வம்பளக்கிறார்கள். புதுமைப்பித்தன் கதைகளில் நெல்லைத் தமிழ் ஒலிக்கிறது. ஆனால் ஒரு நிலத்தின் வாழ்க்கையையே மையமாக்கி, அதன் பேச்சை நாவல் முழுக்க ஓடவிட்ட முதல் ஆக்கம் என்ற பெருமை ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாளுக்கு உரியது. 1942இல் வெளிவந்த அந்தச் சிறிய நாவல், கொங்கு நாட்டில் கணவனை இழந்த ஒரு பெண் தன் பங்கு நிலத்தைக் கேட்பதால் மூளும் பகையைச் சொல்கிறது. நாகம்மாள் பேசுவது கொங்குத் தமிழ். கதை சொல்பவர் பேசுவது ஏறக்குறைய பொதுத்தமிழ்.

அந்தப் பிரிவு நெடுநாள் நீடித்தது. பாத்திரம் ஊர்த்தமிழில் பேசும், ஆசிரியர் பள்ளித்தமிழில் விவரிப்பார். அப்படி எழுதும்போது வாசகர் அறியாமலே ஆசிரியர் பக்கம் நின்று, கிராமத்து மனிதர்களைக் கொஞ்சம் தள்ளியிருந்து பார்க்கிறார். 1960களில் இந்த இடைவெளி குறையத் தொடங்கியது. ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு 1964இல் குமரி மாவட்டத்துப் பனையேறிகளின் உலகத்தைக் கொண்டுவந்தது. 1968இல் வந்த நீல பத்மநாபனின் தலைமுறைகள், இரணியல் செட்டிமார் சமூகத்தின் பேச்சைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் பயன்படுத்தியது. அதே காலத்தில் நா. வானமாமலை நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் சொல்லுக்கும் இலக்கிய மதிப்பு உண்டு என்பதைக் கல்வியுலகத்துக்குக் காட்டினார். இடைவெளியை முற்றாகத் துடைத்தவர் கரிசல் காட்டிலிருந்து வந்தார்.

இடைசெவல்

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் பெரிய ஊரல்ல. அந்த ஊரில் ஒரே தலைமுறையில் இரண்டு பெரிய எழுத்தாளர்கள் நண்பர்களாக வளர்ந்தார்கள். கு. அழகிரிசாமி சென்னைக்குப் போனார், மலேயாவுக்குப் போய்த் தமிழ் நேசனில் பணியாற்றினார், இசையிலும் பழந்தமிழ்ப் பதிப்பிலும் தோய்ந்தார். கி. ராஜநாராயணன் ஊரிலேயே சம்சாரியாக இருந்தார். அந்தப் பக்கத்தில் விவசாயியைச் சம்சாரி என்பதுதான் வழக்கம். விவசாயிகள் போராட்டங்களில் பங்கெடுத்துச் சிறைக்கும் போனவர் அவர். முப்பது வயது தாண்டிய பிறகுதான் அவருடைய கதைகள் சரஸ்வதி, தாமரை போன்ற இதழ்களில் வரத் தொடங்கின.

கரிசல் மண் மழையை நம்பிய மண். கோடையில் வெடிப்புவிட்டுப் பிளந்து கிடக்கும். மழை விழுந்தால் காலை விடாமல் ஒட்டும். வற்றாத ஆறு கிடையாது. பருத்தியும் கம்பும் சோளமும் குதிரைவாலியும் மானாவாரியாக விளையும்; வடகிழக்குப் பருவமழை தப்பினால் அந்த ஆண்டு தப்பியது. இப்படிப்பட்ட நிலத்தில் மனிதர்கள் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் கடனைப் பற்றியும் பேசும் பேச்சுக்குத் தனி நுட்பம் வந்துவிடுகிறது. மேகத்தின் நிறத்துக்கு, மண்ணின் ஈரத்துக்கு, காளையின் கொம்பு வாகுக்கு, பயிரின் ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனிச் சொல் உண்டு. கி.ரா. அந்தப் பேச்சைக் கதை சொல்லியின் குரலாகவே ஆக்கினார். அவருடைய கதைகளில் விவரிப்பவரும் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரும் ஒருவரே. வாசகரும் அந்தத் திண்ணைக்கே வந்துவிட வேண்டியிருக்கிறது.

அவருடைய ‘கதவு’ சிறுகதையே இதற்குச் சான்று. வீட்டுக் கதவில் ஏறிக் குழந்தைகள் பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காக ஊர்த் தலையாரி அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார். வாடைக்காற்று கதவில்லாத வீட்டுக்குள் புகுகிறது. கைக்குழந்தை நோய்வாய்ப்பட்டு இறக்கிறது. வறுமையைப் பற்றி ஒரு பிரசங்க வரிகூட அதில் கிடையாது. குழந்தைகளும் தாயும் பேசும் சின்னச் சின்னப் பேச்சிலேயே வரிப்பாக்கி என்ற அரசாங்கச் சொல்லுக்கு ஒரு வீட்டில் என்ன பொருள் என்பது தெரிந்துவிடுகிறது. இதையே பொதுத்தமிழில் பெயர்த்து எழுதினால் நிகழ்ச்சிகள் மிஞ்சும். அந்த வீட்டின் சூடும் குளிரும் மிஞ்சாது.

1976இல் வந்த கோபல்ல கிராமம் இன்னொரு சிக்கலான உண்மையையும் காட்டுகிறது. கி.ரா.வின் வீட்டு மொழி தெலுங்கு. ஆட்சியாளர் ஒருவரின் தொல்லைக்கு அஞ்சித் தெலுங்கு தேசத்தை விட்டு ஓடிவந்த மக்கள், தெற்கே காட்டைத் திருத்திக் குடியேறியதைத்தான் அந்த நாவல் நூறு வயதைக் கடந்த ஒரு பாட்டியின் நினைவாகச் சொல்கிறது. வீட்டில் தெலுங்கு பேசியவர் ஊரின் தமிழை இவ்வளவு நெருக்கமாக எழுதியது வியப்புக்குரியதுதான். ஒரு நிலத்தின் மொழி அந்த நிலத்தில் பாடுபடும் எல்லோருக்கும் சொந்தமாகிறது என்பதை இந்த நாவலைப் போலத் தெளிவாகக் காட்டும் ஆக்கம் தமிழில் குறைவு. இதன் தொடர்ச்சியான கோபல்லபுரத்து மக்கள் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1991இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. வார இதழ் வாசகர்கள் கரிசல் பேச்சைச் சிரமமின்றித் தொடர்ந்து படித்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பேச்சு வழக்கு புரியாது என்ற வாதத்துக்கு அந்த வாசகர்களே பதில்.

கதை எழுதியதோடு கி.ரா. நிற்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்டது. அவ்வளவு பெரிய அகராதியிலும் சம்சாரிகள் நாள்தோறும் பேசும் சொற்கள் பலவற்றுக்கு இடமில்லை. ஏடுகளில் இருந்த சொற்களே பெரிதும் அதற்குள் வந்தன. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாத கி.ரா., கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்து 1982இல் வெளியிட்டார். சொற்களோடு பழமொழிகளும் விடுகதைகளும் அதில் சேர்ந்தன. தமிழில் ஒரு வட்டாரத்துக்கென்றே தொகுக்கப்பட்ட சொல்லகராதிகளுக்கு அதுவே முன்னோடி. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அவரைப் பின்னர் புதுவைப் பல்கலைக்கழகம் நாட்டார் வழக்காற்றியல் பணிக்கு வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 2021 மே 17 அன்று புதுச்சேரியில் அவர் மறைந்தபோது, தமிழ்நாடு அரசு மரியாதையோடு இடைசெவலில் அடக்கம் நடந்தது.

கோவில்பட்டியைச் சுற்றி அவருக்குப் பின் வந்தவர்களின் வரிசை நீளமானது: பூமணி, வீர. வேலுச்சாமி, பா. செயப்பிரகாசம், ச. தமிழ்ச்செல்வன், கோணங்கி, சோ. தர்மன், மேலாண்மை பொன்னுச்சாமி. வறண்ட, தொழில் வளம் குறைந்த ஒரு பகுதியிலிருந்து இத்தனை எழுத்தாளர்கள் வந்ததற்கு மண்ணின் மகிமை என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையான காரணம், தங்கள் பேச்சு அச்சில் ஏறும் என்பதை அவர்கள் இளம் வயதிலேயே கண்ணால் கண்டதுதான். அருகிலிருக்கும் ஒரு சம்சாரி எழுதியது புத்தகமாக வந்ததைப் படித்த இளைஞருக்கு, எழுதுவதற்கு முதலில் வேறு யாராகவோ மாற வேண்டும் என்ற தயக்கம் போய்விட்டது. ஊர்த் தமிழில் வாசிப்பதன் பயன்களில் இதுவே பெரிது.

தொழிலோடு போகும் சொற்கள்

ஒரு தொழில் மறையும்போது அதன் சொற்களும் சேர்ந்து போகின்றன. மாடு கட்டிக் கமலை இறைத்த காலத்தில் சால், வடம், உருளை, தும்பு என்று ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் இருந்தது. மோட்டார் பம்புசெட் வந்த ஒரு தலைமுறைக்குள் அவை பேச்சிலிருந்து விலகின. கி.ரா.வின் ‘கிடை’ குறுநாவலைப் படிப்பவருக்கு, ஆட்டு மந்தையை இரவில் வயலில் அடைத்து நிலத்தை உரப்படுத்தும் முறையும், அதை நடத்தும் கீதாரிகளின் கட்டுப்பாடுகளும், அந்தக் கட்டுப்பாட்டுக்குள் ஒரு பெண் எப்படி நசுக்கப்படுகிறாள் என்பதும் ஒன்றாகவே தெரியவருகின்றன. வேளாண்மைக் கையேடு கிடையைப் பற்றிச் சில வரி சொல்லும்; ஆட்களையும் வேலையையும் பிரித்துவிடும்.

சோ. தர்மனின் சூல் இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்குச் சொல்வார்கள். அவற்றை நூற்றாண்டுகளாகக் காத்துவந்தது ஊரார் சேர்ந்து செய்த வேலை. கோடையில் கரம்பை வெட்டி வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பது, கரையைப் பலப்படுத்துவது, மடையையும் கலுங்கையும் பார்ப்பது, முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது, இதற்கென்றே நீர்ப்பாய்ச்சி என்று ஓர் ஆளை வைத்து அவருக்குக் கூலியாகத் தானியம் அளப்பது என்று எல்லாம் ஓர் ஒழுங்கில் நடந்தன. ஒரு கரிசல் கிராமத்துக் கண்மாயையே நாயகனாக்கி, அந்த ஒழுங்கு எப்படி இருந்தது, எப்படிக் குலைந்தது என்று சொல்லும் நாவல் சூல். 2019இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. நீர் மேலாண்மை பற்றி அறிக்கைகள் ஏராளமாக வந்திருக்கின்றன. ஆனால் கண்மாயைக் காத்த மனிதரின் மனத்தில் அந்த நீர் எப்படி இருந்தது என்பதை அவர் பேசிய தமிழில் சொன்னது இந்த நாவல்.

கடலுக்கும் இதே கதைதான். ஜோ டி குரூஸின் ஆழி சூழ் உலகு, கொற்கை ஆகிய நாவல்கள் தூத்துக்குடி, உவரிப் பக்கத்துப் பரதவர்களின் பேச்சில் எழுதப்பட்டவை. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். திசை மட்டுமல்லாமல் எந்தக் காற்றில் எந்த மீன் படும், எதில் பாய் விரிக்கலாம், எதில் கரை திரும்ப வேண்டும் என்ற கணக்கும் அந்தப் பெயர்களோடு ஒட்டியிருக்கிறது. நிலத்தில் வாழும் தமிழர்களில் பெரும்பாலோருக்குக் கடற்கரைத் தமிழ் அந்நிய மொழி போலவே இருந்துவந்தது. சங்கப் பாடல்களில் நெய்தலைப் படித்துப் பரவசப்பட்டவர்கள்கூடக் கட்டுமரக்காரர் பேசுவதைக் கேட்டதில்லை. அந்தக் குறையை இந்த நாவல்கள் போக்கின.

பேச்சில் தெரியும் சாதி

வட்டாரப் பேச்சு என்று ஒருமையில் சொல்வதே பாதி உண்மை. ஒரே ஊரில் தெருவுக்குத் தெரு பேச்சு வேறு. யார் யாரை எப்படி அழைக்கிறார், யார் முன்னால் யார் எந்த வினைமுற்றைப் பயன்படுத்துகிறார் என்பதில் சாதி அப்பட்டமாகத் தெரியும். பொதுத்தமிழ் இதை மூடிவிடுகிறது. ‘அவர் கேட்டார், இவர் பதிலளித்தார்’ என்று எழுதிவிட்டால் இரண்டு பேரும் சமமாக நின்று பேசியதுபோலத் தோன்றும்.

பெருமாள்முருகனின் கூளமாதாரியில் ஆடு மேய்க்கும் பண்ணையத்துச் சிறுவர்கள் வருகிறார்கள். கவுண்டர் வீட்டுப் பையனும் அவர்களும் காட்டில் ஒன்றாக விளையாடுகிறார்கள். விளையாட்டு எவ்வளவு நெருக்கமானாலும் பேச்சு அந்த நெருக்கத்தை ஒப்புவதில்லை. அழைக்கும் முறையிலேயே யார் ஆள், யார் ஆண்டை என்பது நின்றுவிடுகிறது. கொங்குத் தமிழின் மரியாதைப் பேச்சை மெச்சாதவர் இல்லை. அந்த மரியாதை யாரிடமிருந்து யாருக்குப் போனது, யாருக்குக் கிடைக்கவே இல்லை என்பதை இந்த நாவலைப் படித்தவர் மறக்க முடியாது.

பூமணியின் பிறகு 1979இலும் வெக்கை 1982இலும் வந்தன. கரிசலையே இன்னொரு தெருவிலிருந்து பார்த்தவை அவை. கி.ரா.வின் கரிசலில் நிலம் உள்ளவர்களின் உலகமே பெரிதும் தெரிகிறது. பிறகு நாவலின் அழகிரி செருப்புத் தைப்பவர். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் கரிசல் முழுதாகிறது. கழுகுமலை, சிவகாசிக் கலவரங்களைப் பின்புலமாகக் கொண்ட பூமணியின் அஞ்ஞாடி ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய பெரும் நாவல்; 2014இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது.

1992இல் வந்த பாமாவின் கருக்கு, ஒடுக்கப்பட்ட தெருவின் பெண்கள் பேசும் பேச்சிலேயே முழுக்க எழுதப்பட்ட தன்வரலாறு. அது வந்தபோது அதன் மொழியைப் பலர் குறையாகச் சொன்னார்கள். குறை சொன்னவர்களின் கண்ணில் அது இலக்கண வழு. படித்துத் தங்கள் தெருவைக் கண்டவர்களுக்கு, முதன்முதலாகத் தங்கள் குரல் திருத்தப்படாமல் அச்சில் வந்திருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த இமையத்தின் கோவேறு கழுதைகளில், காலனி மக்களின் துணி வெளுக்கும் ஆரோக்கியம் தன் பிழைப்பு கைவிட்டுப் போவதைப் புலம்பிக்கொண்டே இருக்கிறாள். அந்தப் புலம்பலுக்கு ஒப்பாரியின் தாளம் இருக்கிறது. நடுநாட்டுப் பேச்சு தெரியாதவரும் வாய்விட்டுப் படித்தால் அந்தத் தாளத்தைப் பிடித்துவிடலாம்.

ஈழத்தில் இதே சண்டை இன்னும் கடுமையாக நடந்தது. முற்போக்கு எழுத்தாளர்கள் மக்கள் பேச்சில் கதை எழுதியபோது, மரபுப் பண்டிதர்கள் அதை இழிசனர் வழக்கு என்றார்கள். 1960களின் தொடக்கத்தில் இதழ்களிலும் மேடைகளிலும் மரபுப் போராட்டம் என்ற பெயரில் விவாதம் மூண்டது. இழிசனர் வழக்கு என்ற பெயரே விவாதத்தின் உள்ளடக்கத்தைச் சொல்லிவிடுகிறது: எதிர்ப்பு பேச்சுக்கு மட்டும் எழுந்ததல்ல, அதைப் பேசிய மனிதர்களுக்கும் சேர்த்து எழுந்தது. கே. டானியலின் பஞ்சமர், யாழ்ப்பாணச் சாதிக் கொடுமையை ஒடுக்கப்பட்டவர்களின் பேச்சிலேயே எழுதி அந்த விவாதத்துக்கு நாவலாகப் பதில் சொன்னது. மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத் தொழிலாளரின் பாடல்களைத் தொகுத்தார். ஈழத்துச் சொற்களுக்குத் தமிழ்நாட்டு அகராதிகளில் இடம் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி அவற்றை இலங்கை வழக்கு என்று குறித்துச் சேர்த்தது நல்ல திருப்பம்.

வேற்றூர் வாசகர்

தன் ஊர்ப் பேச்சை அச்சில் காண்பவருக்கு வாசிப்பு எளிது. வேற்றூராருக்கு முதல் சில அத்தியாயங்கள் தடுக்கும். தோப்பில் முகமது மீரானின் ஒரு கடலோர கிராமத்தின் கதை 1988இல் வந்தபோது பலருக்கும் அந்த அனுபவம் நேர்ந்தது. குமரிக் கடற்கரையின் தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்த மீரான் மலையாள வழிக் கல்வி கற்றவர். தமிழில் தோன்றிய கதைகளை மலையாள எழுத்தில் எழுதி, பிறர் உதவியோடு தமிழ் எழுத்துக்கு மாற்றினார். அவர் ஊர் முஸ்லிம்களின் பேச்சில் தமிழும் மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்திருக்கும். அதைச் சலித்துத் தூய தமிழாக்கியிருந்தால் அந்த ஊரே காணாமல் போயிருக்கும். சலிக்காமல் வைத்ததால்தான் ஒரு முதலாளியின் அதிகாரம், மதத்தின் பெயரால் நடந்த ஏமாற்று, கல்விக்கு வந்த எதிர்ப்பு எல்லாம் அந்த ஊரின் வாயாலேயே வெளிவந்தன. 1997இல் அவருடைய சாய்வு நாற்காலி சாகித்ய அகாதெமி விருது பெற்றது.

இத்தகைய நாவல்களின் பின்பக்கத்தில் சொற்பொருள் பட்டியல் சேர்க்கும் வழக்கம் உண்டு. உதவியானதுதான். ஆனாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்பக்கம் புரட்டுபவர் கதையைத் தவறவிடுவார். தெரியாத சொல்லைக் கடந்துபோய், அடுத்தடுத்த இடங்களில் அது வரும் சூழலை வைத்துப் பொருளை ஊகிப்பதே நல்ல வழி. குழந்தை மொழி கற்பதும் அப்படித்தான். வாய்விட்டுப் படிப்பது இன்னும் நல்லது. பேச்சின் நெளிவுகள் எல்லாவற்றுக்கும் தமிழில் எழுத்து இல்லை. ஒரே ஒலியை ஓர் எழுத்தாளர் ஒருமாதிரியும் இன்னொருவர் வேறுமாதிரியும் எழுதுவார்கள். கண்ணுக்குப் புதிராக இருப்பது காதுக்குப் புரிந்துவிடும்.

வட்டார இலக்கியத்தின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் ஒன்று நியாயமானது. பேச்சு வழக்கை அலங்காரமாகத் தூவி, உள்ளே எதுவும் இல்லாமல் எழுதப்பட்ட கதைகள் நிறைய உண்டு. நான்கு அரிய சொல்லும் ஒரு பழமொழியும் சேர்த்தால் மண்வாசனை வந்துவிடும் என்று நம்புகிற எழுத்து அது. பாத்திரம் யோசிப்பதே அந்த மொழியில்தானா என்பதே சரியான சோதனை. நாஞ்சில் நாடனின் தலைகீழ் விகிதங்களில் வரும் சிவதாணு அவமானப்படும்போது அவன் மனத்தில் ஓடுவது நாஞ்சில் தமிழ். அதைப் பிடுங்கிவிட்டால் அவனுடைய ரோஷமும் போய்விடும். மற்றக் குற்றச்சாட்டான ‘குறுகிய வட்டம்’ என்பதில் நியாயம் குறைவு. தஞ்சாவூர்ப் பிராமண வீடுகளின் பேச்சைத் தி. ஜானகிராமன் எழுதியபோது யாரும் அதை வட்டார இலக்கியம் என்று ஒதுக்கவில்லை; இலக்கியம் என்றே கொண்டாடினார்கள், அது சரிதான். வட்டார இலக்கியம் என்ற பெயர் கரிசலுக்கும் கொங்குக்கும் குமரிக்கும் மட்டும் ஒட்டிக்கொண்டது. சென்னையின் குடிசைப் பகுதிப் பேச்சைச் சினிமா நெடுங்காலம் சிரிப்புக்கு வைத்திருந்தது. அதே பேச்சில் ரோஷமும் அன்பும் தர்க்கமும் உண்டு என்று ஜெயகாந்தனின் கதைகள் காட்டிய பிறகும் அந்த வழக்கம் எளிதில் போகவில்லை.

மொழிபெயர்ப்பு இந்த ஆக்கங்களை உலகத்துக்குக் கொண்டுசெல்கிறது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் தந்த கருக்கு பல பல்கலைக்கழகங்களில் பாடமானது. பெருமாள்முருகனின் பூக்குழி 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. இவை பெருமைக்குரியவை. ஆனால் ஆங்கிலத்தில் படிப்பவருக்குக் கதை கிடைக்கும், தெருவுக்குத் தெரு மாறும் பேச்சின் படிநிலைகள் கிடைப்பது அரிது. அதை முழுதாகப் பெறும் வசதி தமிழ் தெரிந்தவருக்கே உண்டு. அப்படி இருந்தும், நகரத்தில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் சிலர் இந்த நாவல்களை ஆங்கிலத்தில்தான் முதலில் படிக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

எங்கே தொடங்குவது

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் கோபல்லபுரத்து மக்கள் நாவலின் ஒரு பகுதி துணைப்பாடமாக வைக்கப்பட்டது. பசித்து வந்த வழிப்போக்கருக்கு ஊர்க்காரர் கஞ்சி ஊற்றும் இடம் அது. பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றும் பயிற்சிகளும் பள்ளிப் பாடத்தில் உண்டு. அந்தப் பயிற்சி தேவைதான். பொதுத்தமிழ் இல்லாமல் நாகர்கோவிலும் நுவரெலியாவும் ஒன்றையொன்று படிக்க முடியாது. அதோடு, தங்கள் ஊர்ச் சொற்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லும் ஆசிரியர்களின் வகுப்பில், துணைப்பாடம் தேர்வு முடிந்ததும் மறந்துபோவதில்லை.

வீட்டில் வாசிக்கத் தொடங்குபவர்களுக்குச் சிறுகதையே நல்ல வாசல். அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’, கி.ரா.வின் ‘கதவு’ இரண்டையும் ஒரே மாலையில் படித்துவிடலாம். இரண்டும் ஒரே ஊர்க்காரர்கள் எழுதியவை, ஏழைக் குழந்தைகளைப் பற்றியவை, ஆனாலும் நடை வேறு வேறு. அடுத்து தன் சொந்த நிலத்தின் நாவல் ஒன்று: கொங்கு என்றால் நாகம்மாள், குமரி என்றால் புத்தம் வீடு, நடுநாடு என்றால் கண்மணி குணசேகரனின் அஞ்சலை. சொல் தட்டினால் துணைக்கு அகராதிகள் இருக்கின்றன. கி.ரா.வுக்குப் பின் பெருமாள்முருகன் கொங்குக்கும், கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும், அ.கா. பெருமாள் நாஞ்சில் நாட்டுக்கும் தொகுத்துத் தந்திருக்கிறார்கள். மூன்றாவதாக எடுக்கும் புத்தகம் கால் பதித்தே இராத ஒரு நிலத்தினுடையதாக இருக்கட்டும். மலைநாட்டார் கடற்கரை நாவலையும், கடற்கரையார் கரிசல் நாவலையும் எடுக்கலாம்.